நண்டு இல்லாத பௌர்ணமிகள்

ரோசாலிக்கு அன்று காலையிலிருந்து நிலாவின் மேல் கோபம். செட்டியாரை நொந்துகொள்ள முடியாது. அவர் ஊருக்குப் போகிறார், போக வேண்டியவர்தான். விமானக் கம்பெனியை நொந்துகொள்ளவும் வழியில்லை; டிக்கெட் போட்டுக் கொடுத்தவளே அவள்தான். மிச்சம் இருந்தது நிலா ஒன்றுதான். ஜூன் மாதம் முதல் வாரத்தில் செட்டியார் கிளம்புகிறார். பௌர்ணமியோ அதற்கும் இரண்டு வாரம் கழித்து, யாருக்கு வந்த அவசரம் என்று ஆடி அசைந்து வருகிறது.

சைகோனில் டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அவளுடைய டிக்கெட் ஆபீஸ். இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, சுவரில் தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். வியட்நாம் காலண்டரில் எல்லோருக்கும் தெரிந்த தேதி பெரிதாகவும், நிலாக் கணக்குத் தேதி அதன் கீழே சிறிதாகவும் அச்சடித்திருக்கும். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்துவதும், அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் அந்த ஆபீசுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பழகிப் போயிருந்தது.

ரோசாலியின் அப்பா காரைக்காலிலிருந்து வந்து பிரெஞ்சு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். எழுபத்தைந்தில் சைகோன் கைமாறியபோது தமிழர்கள் பலரும் மூட்டை கட்டினார்கள். அவருடைய மனைவி இந்த ஊர்ப் பெண். அக்கா தங்கைகளை விட்டு வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டதால் அவரும் தங்கிவிட்டார். அப்போது ரோசாலிக்கு எட்டு வயது. பிறகு அப்பாவுக்கு முடியாமல் போனது, அவரைப் பார்த்துக்கொண்டாள். அம்மாவுக்கு முடியாமல் போனது, அவளையும் பார்த்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. யாருக்கு ஜன்னல் ஓரம் வேண்டும், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு முழங்கால் மடங்காது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. உனக்கு என்ன வேண்டும் என்று தன்னை யாரும் கேட்டதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். எப்போதாவது, மழை விடாமல் பெய்கிற நாட்களில், அதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டுக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு வருஷத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது வுங் தாவ் பயணம். அப்பா கடைசிவரை பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரை விடாமல் 'காப்' என்றே சொல்லிவந்த கடற்கரை ஊர். பதினெட்டு வருஷமாக அதற்குத் துணை இரண்டு பேர். ஒருவர் சாத்தப்பன் செட்டியார். மிளகும் முந்திரியும் வாங்கி அனுப்ப காரைக்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு வருஷத்துக்கு என்று வந்தவர், காலையில் முருகன் கோயிலில் விளக்குப் போடுவதும் பகலில் வியாபாரமுமாக இங்கேயே தங்கிப்போனார். மற்றவர் ஜெய்னுலாபுதீன் பாய், காரைக்கால்காரர், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் துணிக்கடை. இருவரும் முதலில் டிக்கெட் வாங்கத்தான் வந்தார்கள். பிறகு காபி குடிக்க வந்தார்கள். பிறகு சும்மாவே வந்தார்கள்.

முதல் பயணத்தைத் திட்டமிட்டபோது ரோசாலி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். போக்குவரத்து சுலபம், தங்குவது சுலபம், சாப்பாடுதான் சிக்கல். ஒருவர் நெற்றி நிறைய விபூதியோடு கோயிலிலிருந்து நேராக வருகிறவர். இன்னொருவர் ஹலால் இல்லாமல் வாயில் வைக்காதவர். கடற்கரை ஊரில் இந்த இருவரையும் வைத்துக்கொண்டு எங்கே போய்ச் சாப்பிடுவது? அப்போதுதான் காலண்டர் கண்ணில் பட்டது. பௌர்ணமியன்று வியட்நாம்காரர்கள் பாதிப் பேர் மரக்கறிதான் சாப்பிடுவார்கள். அதற்கு அங்கே 'சாய்' என்று பெயர். எந்தத் தள்ளுவண்டியிலும் அன்றைக்குச் சாய் கிடைக்கும். தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு பௌர்ணமிக்கே நாள் குறித்தாள்.

அந்த முதல் நாள் மதியம் மூன்று தட்டு டோஃபு வந்து இறங்கியது. "மூணு பேருக்கும் இதேவா?" என்று செட்டியார் கேட்டார். பாயும் அவள் முகத்தைப் பார்த்தார். தங்களுக்காக இவள் வாயைக் கட்டுகிறாளே என்று சங்கடப்படுகிறார்கள், பாவம் என்று ரோசாலி நினைத்தாள். உடனே, "எங்க அம்மா பௌர்ணமிக்கு இதான் சாப்புடுவாங்க. அவங்க போனப்புறமும் நான் விடல. எனக்கு இதான் புடிக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். இருவரும் மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டார்கள்.

உண்மையில் ரோசாலிக்கு நண்டு என்றால் உயிர். அந்தக் கடற்கரையில் வரிசையாக நண்டுக் கடைகள். புளி போட்டு வறுக்கிற வாசனை சாலை வரைக்கும் வந்து ஆளை இழுக்கும். பதினெட்டு வருஷமும் அந்தக் கடைகளைத் தாண்டும்போது அவள் கடலில் ஏதோ கப்பல் வருவதைப் போல மறுபக்கம் திரும்பிக்கொண்டு நடந்தாள். சைகோனில் தனியாக வாங்கிச் சாப்பிடலாம்தான், சாப்பிட்டாள்தான். ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டு, ஆட்களோடு உட்கார்ந்து, கை வழிய வழிய உடைத்துச் சாப்பிடுகிற நண்டு வேறு. அந்த ஏக்கம் ஒன்றைத் தவிர அந்தப் பயணங்களில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது.

என்னவெல்லாம் நடந்தது அந்தப் பயணங்களில். நம் குழிப்பணியாரச் சட்டி மாதிரியே ஒன்றில் அரிசி மாவு ஊற்றி, மேலே ஒரு இறால் வைத்துச் சுட்டுத் தருகிற பெண்ணின் கடை முன்னால் செட்டியார் ஒவ்வொரு வருஷமும் நின்றுவிடுவார். நகர மாட்டார். பணியாரத்தைப் பார்த்ததும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று ரோசாலிக்கு மனம் இளகும். இறாலை எடுத்துவிட்டுப் பாசிப்பருப்பு வைத்துச் சுடச் சொல்லி அவர் கையில் கொடுப்பாள். அவர் பெருமூச்சு விட்டு வாங்கிக்கொள்வார். பாய் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, அதற்கு மேல் ஒரு அங்குலம் தண்ணீர் ஏற விடமாட்டார். எல்லோருடைய செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கரையோரம் கூடவே நடந்து வருவார்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பாதை. கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் ஒரு சின்னத் தீவு, அதன் மேல் ஒரு அம்மன் கோயில். ஹோன் பா என்பார்கள். மற்ற நாட்களில் சுற்றிலும் தண்ணீர். பௌர்ணமியை ஒட்டி மட்டும், அதுவும் வெயில் காலத்தில், பகலிலேயே கடல் ரொம்ப தூரம் உள்வாங்கும். உள்வாங்கினால் அடியில் கிடக்கிற பாறையெல்லாம் வெளியே வந்து தீவு வரைக்கும் நடக்க வழி தெரியும். முதல் வருஷம் அது அவர்களுக்குத் தெரியாது. டோஃபு சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், காலையில் படகு போன இடத்தில் சனங்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். செட்டியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பாறையெல்லாம் பாசியும் சிப்பியும். வழுக்கும், கிழிக்கும். செட்டியாருடைய குடையின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை ரோசாலி பிடிக்க, ரோசாலியின் துண்டின் நுனியைப் பாய் பிடிக்க, மூவரும் அப்படியே நடப்பார்கள். தீவில் செட்டியார் ஊதுபத்தி கொளுத்துவார். ரோசாலி கரையிலிருக்கும் குன்றின் மேல் நிற்கிற பெரிய இயேசு சிலையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வாள். பாய் ஒரு பாறையில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பார். பேச்சு குறைவு. அப்புறம் யாராவது ஒருவர் தண்ணீர் ஏறுது என்பார், கிளம்பிவிடுவார்கள். ஒரு வருஷம் மூவரும் கண் அசந்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் திரும்பினார்கள். செட்டியாரின் போன் கடலோடு போனது, பாயின் முழங்கால் சட்டமும் அன்றோடு போனது. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் முழுக்கச் சிரித்தார்கள்.

இப்போது செட்டியார் போகிறார். அவர் மனைவி சிவகாமி ஆச்சி அங்கே தனியாக இருந்தது போதும் என்று சொல்லிவிட்டார். வியாபாரத்தையும் கூட்டாளியிடம் கொடுத்தாகிவிட்டது. ஒரு வழி டிக்கெட். பயணத் தேதியை இரண்டு வாரம் தள்ளிப் போட்டால் கடைசியாக ஒரு பௌர்ணமி கிடைக்கும். ரோசாலிக்கு அது ஒரு நிமிஷ வேலை. ஆனால் கேட்க மாட்டேன் என்று முடிவு செய்திருந்தாள். இத்தனை வருஷம் காத்திருந்த பெண்ணை, தன் சந்தோஷத்துக்காக இன்னும் இரண்டு வாரம் காத்திருக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக இந்தச் சனிக்கிழமையே போய்விடலாம், பாதை திறக்காவிட்டால் போகிறது, சாப்பாட்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு சாய் சமையல்காரியிடம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

மதியம் செட்டியார் டிக்கெட்டை வாங்க வந்தார். ஐஸ் காபி வாங்கிக் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். ரோசாலியையும் அவர் தங்கள் ஊர் வழக்கப்படி ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"ஆச்சி, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஊருக்குப் போறப்பவாச்சும் கேட்டுர்றேன்."

"கேளுங்க செட்டியாரே."

"ப்ளேன்ல எல்லாருக்கும் கோழி, மீனுன்னு குடுக்குறான். எனக்கு மட்டும், யாருக்கும் குடுக்குறதுக்கு முந்தி, தனியாக் கொண்டாந்து ஒரு உப்புமாவைக் குடுக்குறான். உங்ககிட்ட வாங்குற டிக்கெட்டு எல்லாத்துலயும் இதே கதைதான். மொதல்ல மரியாதைன்னு நெனச்சேன். அப்புறம், வயசானவருக்குச் செரிக்கட்டும்னு குடுக்குறானோன்னு நெனச்சேன்."

ரோசாலிக்குப் பெருமையாக இருந்தது. "நான்தான் போட்டேன். சைவச் சாப்பாடுன்னு ஒவ்வொரு தரமும் குறிச்சுடுவேன். நீங்க மறந்தாலும் நான் மறப்பேனா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நீங்க சைவமாச்சே."

தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கத் தொடங்கியது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. செட்டியார் வாயைத் திறந்து, மூடி, அது போகட்டும் என்று காத்திருந்தார். அவர் முகம் போன போக்கு ரோசாலிக்குப் புரியவில்லை.

"யாரு சொன்னா?" என்றார் சத்தம் ஓய்ந்ததும்.

"யாரு சொல்லணும்? விபூதி, கோயிலு..."

"செட்டிநாட்டுக்காரனைப் பாத்துச் சைவம்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான். வெள்ளிக்கெழமை தொடமாட்டேன். மத்த நாள்ல எங்க வீட்டு அடுப்புல என்ன இல்லைன்னு கேளுங்க. கோழி, காடை, ஆடு, நண்டு..."

"நண்டா?" ரோசாலியின் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீங்க நண்டு சாப்புடுவீங்களா?"

"சாப்புடுவேனாவா? அந்தக் கடைங்களைத் தாண்டி உங்ககூட நடக்குறப்ப நான் பட்ட பாடு முருகனுக்குத்தான் தெரியும்."

"அப்ப அந்தப் பணியாரக் கடையில நின்னது?"

"எறாலைப் பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க எடுத்துப் போடச் சொல்லிருவீங்க."

அந்தச் சமயம் பார்த்து ஜெய்னுலாபுதீன் பாய் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இருவர் முகத்தையும் பார்த்து அப்படியே நின்றார். ரோசாலி அவரை உட்காரக்கூட விடவில்லை.

"பாய், செட்டியாரு கறி சாப்புடுவாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பாய் செட்டியாரைப் பார்த்தார். செட்டியார் காபியைப் பார்த்தார்.

"தெரியும் மதாம்" என்றார் பாய். அவளை அவர் எப்போதும் மதாம் என்றுதான் கூப்பிடுவார். "நாலஞ்சு வருஷம் போயிட்டு வந்தப்புறம் ஒருநாள், எங்க பள்ளிவாசல் பின்னாடி கடையில ஒக்காந்து மட்டன் பிரியாணி சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு. நானும் எதிர்ல ஒக்காந்தேன். அன்னைக்குத்தான் ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்."

"என்ன பேசிக்கிட்டீங்க? எனக்கு ஏன் சொல்லல? மீனு நண்டு உங்களுக்கும் ஆகும்தானே?"

"நல்லா ஆகும்."

"அப்புறம் எதுக்கு இத்தனை வருஷம் அந்த டோஃபுவைத் தின்னீங்க?"

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்காகத்தான் மதாம். அம்மா ஞாபகமா விரதம்னு மொத நாளே சொன்னீங்க. அந்தப் புள்ள விரதம் இருக்குது, நம்ம ரெண்டு பேரும் முன்னாடி ஒக்காந்து நண்டை ஒடச்சா நல்லா இருக்குமான்னு செட்டியாருதான் கேட்டாரு. இருக்காதுன்னேன். அதோட விட்டுட்டோம்."

ரோசாலிக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் ஆபீசைச் சுற்றி வந்தது. பதினெட்டு வருஷம்! கடலைப் பார்த்தபடி மூன்று பேர், மூவருக்கும் பிடிக்காத ஒன்றை, மூவரும் ருசித்துச் சாப்பிடுவது போல நடித்திருக்கிறார்கள். செட்டியார் ஒரு தடவை இன்னும் ஒரு தட்டு வேண்டும் என்றுகூடக் கேட்டு வாங்கினாரே. அவள் மனம் குளிரட்டும் என்று.

"எங்க அம்மா" என்று ஆரம்பித்தாள். கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாள். "எங்க அம்மா பௌர்ணமியா அமாவாசையான்னு பாக்காம நண்டு தின்னவங்க. விரதமும் இல்ல ஒண்ணும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் சங்கடப்படக் கூடாதுன்னு நான் சும்மா சொன்னேன்."

முதலில் சிரித்தது பாய்தான். பிறகு செட்டியார். அவர் சிரிக்க ஆரம்பித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. ரோசாலியும் சிரித்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே அழுதாள். அம்மா போன பிறகு தன் வீட்டுத் துக்கம் யாருக்கும் ஒரு பொருட்டில்லை என்று அவள் நினைத்திருந்தாள். இவர்கள் இருவரும் அவளுடைய அம்மாவை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. அந்த அம்மாவுக்காக, இல்லாத ஒரு விரதத்தை, அவள் அறியாமல் இத்தனை வருஷம் காத்து வந்திருக்கிறார்கள்.

"சரி, அழுதது போதும்" என்று பாய் போனை எடுத்தார். "இனிமே பௌர்ணமிக்குக் காத்திருக்க வேணாம்ல? சனிக்கெழமை வண்டி சொல்லட்டுமா? நண்டுதான். மூணு வேளையும்."

ரோசாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவள் நினைத்தது கிடைத்துவிட்டது. கடைசிப் பயணம், அதுவும் நண்டோடு. ஆனால் செட்டியார் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கெழமை பாதை தெறக்காதே ஆச்சி."

"தெறக்காது" என்றாள்.

"நண்டுக்காக நாள் பாத்திருந்தா அந்தப் பாதையை நாம கண்டிருக்கவே மாட்டோம்."

ரோசாலி மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்குவது போல அடுக்கினாள். கேட்க மாட்டேன் என்று எடுத்த முடிவு முடிவுதான்.

செட்டியார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஊருக்கு அடித்தார். ஸ்பீக்கரில்தான் பேசுவார், காது கொஞ்சம் மந்தம். "சிவகாமி, நான் ரெண்டு வாரம் தள்ளி வாரேன்."

"எதுக்காம்?"

"பௌர்ணமிக்கு அந்தத் தீவுக்கு ஒருதரம் நடந்துட்டு வந்துர்றேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "இத்தனை வருஷம் போச்சு, ரெண்டு வாரத்துல என்ன வந்துரப் போகுது. கால் வழுக்காமப் போங்க. அந்த ரோசாலியக் கேட்டதாச் சொல்லுங்க. அது பாவம், நண்டுகூடத் திங்காதாமே."

பாய் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். செட்டியார் போனை வைத்தார்.

"மாத்துங்க ஆச்சி. முந்தின நாள் நண்டு, பௌர்ணமியன்னைக்குப் பாதை. அதுக்கு மறுநாளும் வேணும்னா நண்டு."

ரோசாலி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். தேதியை மாற்றிவிட்டு, "முடிஞ்சுது" என்றாள்.

"முடியல. இது ஒரு வழிதானே? திரும்பி வர்றதுக்கும் சேத்துப் போடுங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டுக்குத்தானே போறேன். வருஷத்துக்கு ஒரு பௌர்ணமிக்கு வந்துட்டுப் போனா என்ன? அடுத்த ஜூனுக்குப் போடுங்க."

"அவ்வளவு தூரத்துக்கு சிஸ்டம் தெறக்காது செட்டியாரே. மே மாசம் வரைக்கும்தான் தெறந்திருக்கு."

"மே மாசப் பௌர்ணமி எப்ப?"

சுவர்க் காலண்டர் இந்த வருஷத்தோடு முடிந்துவிடும். பாய் தன் போனில் பிறைக் கணக்கைத் தேடினார். செட்டியார் விரலை மடக்கித் திதி எண்ணினார். ரோசாலி இந்த ஊர்ச் சந்திரமாதத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மூவரும் ஏறக்குறைய ஒரே நாளில் வந்து நின்றார்கள்.

"சித்திராப் பௌர்ணமி" என்றார் செட்டியார். "நல்ல நாள்."

அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து இறங்குகிற மாதிரி, கோலாலம்பூர் வழியாகத் திருச்சியிலிருந்து ஒரு விமானம் இருந்தது. ஜன்னல் ஓரம் கேட்காமலே போட்டாள். பெயர், பாஸ்போர்ட் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கடைசியில் சாப்பாடு என்று இருந்த இடத்தில் நிறுத்தினாள். அந்தக் கட்டத்தில் அவள் இதுவரை யாரையும் கேட்காமல் கை போன போக்கில் சைவம் என்று அடித்துப் பழகியிருந்தாள்.

"சாப்பாடு என்ன போட?"

"போறப்பக் கோழி."

"வர்றப்ப?"

செட்டியார் காபியின் அடியில் கிடந்த ஐஸை ஆட்டிப் பார்த்தார். "வர்றப்ப அந்த உப்புமாவே இருக்கட்டும். அது மொதல்ல வந்து நின்னாத்தான், நமக்குன்னு ஒரு ஆளு எழுதிப் போட்டிருக்குன்னு இருக்கும்."

ரோசாலி அப்படியே போட்டாள். திரையில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்ததால், சரியாக விழுந்திருக்கிறதா என்று படித்துச் சொல்லும்படி பாயைக் கேட்டுக்கொண்டாள்.